சாலைக்கு அந்தப் பக்கம் தும்பி

செப்டம்பர் 9, திங்கள்

கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக பீரோவின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. இன்றைக்கு உருவிவிட்டேன். பீரோ லேசாக ஆடுகிறது. ஆடட்டும். பேசாமல் இருந்து இருந்து என் நாக்கு அதைவிட அதிகமாக ஆடுகிறது.

நான் மயிலாத்தாள். அஞ்சாவது வரை படித்தவள். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். படிக்கப் போவதும் அதே கோழிதான் என்பதால் கவலையில்லை.

வேலை, கோயம்புத்தூர் குறிச்சி தொழிற்பேட்டையில். உள்ளங்கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி செய்கிற கம்பெனி. எங்கள் பெட்டிக்கு வண்டு என்று பெயர். லைனில் கடைசி ஆள் நான். பெட்டி கைக்கு வந்ததும் எல்லாப் பொத்தானையும் அமுக்கி, முதல் ஆட்டத்தைக் கொஞ்சம் ஆடிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். இந்த வயதில் சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாடுகிறவள் எங்கள் தெருவில் நான் மட்டும்தான். ஆனால் வண்டை மூன்றாவது குளத்தைத் தாண்ட வைக்க இதுவரை என்னால் முடிந்ததில்லை. அங்கே உட்கார்ந்திருக்கிற தவளை நாக்கை நீட்டி லபக்கென்று பிடித்துவிடும்.

சாலைக்கு அந்தப் பக்கம், நேர் எதிர் கேட்டில், இன்னொரு கம்பெனி. அவர்கள் பெட்டிக்குத் தும்பி என்று பெயர். முன்பு இரண்டும் ஒரே கம்பெனிதான். கௌசிக் சாரும் நிவேதா மேடமும் கூட்டாக நடத்தினார்கள். ஒன்றாகப் படித்த பிள்ளைகள். சித்திரையில் என்னவோ பேச்சு முற்றிப் பிரிந்துவிட்டார்கள். சார் இந்தப் பக்கமே இருந்துகொண்டார். மேடம் எதிரில் காலியாகக் கிடந்த ஷெட்டைப் பிடித்தார். இப்போது சாலையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். மணி அடிக்காத போனில் அவ்வளவு நேரம் யாரோடுதான் பேசுவார்களோ.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை, நானும் எங்கள் வீட்டுக்காரரும் எப்போதும் போல மொபெட்டில் வந்து இறங்கினோம். நான் வலது பக்கக் கேட்டுக்குத் திரும்பினேன். அவர் இடது பக்கம் திரும்பி நடந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் என் புருஷன் வெள்ளிங்கிரி, தும்பிக் கம்பெனியில் பின்மூடிக்குத் திருகாணி முடுக்குகிறார்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அன்று சாயங்காலமே அவர் ஒரு சட்டம் போட்டார். வீட்டுக்குள் கம்பெனிப் பேச்சு கூடாது. பேசவே தெரியாதவருக்கு அந்தச் சட்டத்தில் என்ன நஷ்டம்? என் பாடுதான் திண்டாட்டம். அதனால்தான் பீரோ ஆடுகிறது.

செப்டம்பர் 11, புதன்

முன்பெல்லாம் மத்தியானம் வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். நான் பேசுவேன், அவர் மெல்லுவார். இப்போது நான் கேண்டீனுக்குள் ஃபிலோமினாவோடு. ஃபிலோமினா ஆபீஸ் ரூமைக் கூட்டித் துடைப்பவள். அதனால் கம்பெனியில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

கேண்டீன் ஜன்னலில் பார்த்தால் எதிர் ஷெட் வாசல் தெரியும். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரேயின் மேல் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதும் தெரியும். நான் பார்ப்பதில்லை. இன்றைக்குப் புளிசாதத்தில் கடலையை ஒதுக்கி ஒதுக்கித் தின்றார்.

காலையில் அவர் டப்பா மூடியின் உள்பக்கம் மார்க்கரால் ஒரு வண்டு வரைந்து அனுப்பியிருந்தேன். எதிரி முகாமுக்கு ஒரு வண்டு போனதாக இருக்கட்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

டப்பா திரும்பி வந்தது, கழுவித் துடைத்து. உள்ளே வெள்ளித்தாளில் மடித்த ஒரு தும்பி. இறக்கை நாலும் இருக்கிறது. வாயைத் திறக்க மாட்டாராம், தாளை மட்டும் மடிப்பாராம்.

செப்டம்பர் 16, திங்கள்

சார் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். பெங்களூரில் இருந்து ஹெக்டே என்று ஒருவர் வருகிறாராம். பெரிய பொம்மைக் கடைகள், ஊருக்கு ஊர் வைத்திருப்பவர். விஜயதசமி அன்று வண்டையும் பார்ப்பார், தும்பியையும் பார்ப்பார். ஒன்றைத்தான் எடுப்பார்.

"எடுத்தா நாம நிப்போம். எடுக்கலைன்னா..." என்று சார் நிறுத்திக்கொண்டார். பாவம், முகத்தில் சவரம் செய்து எத்தனை நாள் ஆயிற்றோ.

கூட்டம் கலைந்ததும் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"மயிலக்கா, வெள்ளிங்கிரி அண்ணன் வீட்ல ஏதாச்சும் சொல்றாருங்களா?"

"எதைப் பத்திங் சார்?"

"சும்மாதான்... தும்பி பத்தி. திரை பெருசா, சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குது, அந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷன் வாயில் இருந்து "சோறு போடு" என்று வர வைக்கவே நான் பாடுபடுகிறேன். இவருக்குத் திரை வேண்டுமாம்.

"சொன்னாருங் சார்," என்றேன், முகத்தை வெகு ரகசியமாக வைத்துக்கொண்டு. "தும்பில ஆட்டம் ஜெயிச்சா மல்லிகைப்பூ வாசம் வருமாமா."

இதைக் கேட்டு அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்ஜினியர் பையன்கள் வண்டின் வயிற்றுக்குள் பஞ்சில் அத்தர் தோய்த்து வைத்துப் பார்க்கிறார்கள். லைன் முழுக்க ஒரே தும்மல். என் மூக்கு தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. பொய் சொன்னதற்கு சாமி இவ்வளவு சீக்கிரம் கூலி கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சாரிடம் போய், "அது தமாஷுங் சார்" என்றேன். "பரவாயில்லைங்க்கா, நீங்க உங்க வீட்டுக்காரரைக் காட்டிக் குடுக்க வேண்டாம், எனக்குப் புரியுது" என்று பெருந்தன்மையாகக் கண்ணைச் சிமிட்டுகிறார். நான் என்ன செய்ய?

செப்டம்பர் 23, திங்கள்

இரவு சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"உங்க வண்டுல அத்தர் வாசம் வருதாமா?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. அவர் போட்ட சட்டத்தை அவரே உடைத்துவிட்டார்!

"யாருங் சொன்னது?"

"மேடம் கேட்டாங்க. எங்களுக்கும் வாசம் வேணுங்கறாங்க. அங்க ரெண்டு பேரு அதையே பண்ணிட்டு உக்காந்திருக்காங்க."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தேன். விஷயத்தைச் சொல்லவும் முடியாது, சட்டம் இருக்கிறதே. "என்ன அம்மிணி?" என்று கேட்டார். "ரசத்துல மிளகு ஜாஸ்திங்க" என்றேன். அவர் ரசத்தை எடுத்துக் குடித்துப் பார்த்து, "சரியாத்தான் இருக்குது" என்றார். இன்றைக்கு மொத்தம் இவ்வளவு பேச்சு. திருவிழா மாதிரி இருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

சாப்பிடும்போது ஃபிலோமினா சும்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

கம்பெனி பிரிந்தபோது ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்ததாம். குடும்பத்துக்கு ஒருத்தர்தான் இங்கே இருக்கலாம் என்று சார் முடிவு செய்து, எங்கள் வீட்டுக்காரரைத்தான் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாராம். "நீங்க இருக்கறீங்களா, அக்காவா?" என்று கேட்டாராம். அவள் அப்போது அங்கே டேபிள் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அண்ணன் உடனே சொல்லிட்டாருக்கா. 'அவ இங்கயே இருக்கட்டுங் சார். அவளுக்குப் பேசறதுக்கு ஆளுக வேணும். நான் எங்க போனாலும் திருகாணிதானே'ன்னாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாரு. ஏன்க்கா, சொல்லலியா அவரு?"

"சொன்னாரு சொன்னாரு," என்றேன். "நீ அந்த ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளு."

சாயங்காலம் சுந்தராபுரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினேன். வீட்டில் வந்து அறுத்தால் பாதி சொத்தை. நான் இப்படிப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை. வெளிச்சம் சரியில்லை போல.

செப்டம்பர் 28, சனி

டப்பா மூடியில் வண்டு வரையவில்லை. தும்பி வரைந்தேன். இறக்கை கோணலாகி, பார்க்க மின்விசிறி மாதிரி இருந்தது. அப்படியே அனுப்பினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். அவர் கோழி வாங்கி வந்தார். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். எழுந்து பீரோவைத் திறந்தால் அது ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். காலுக்கு அடியில் அளவாக அறுத்து இழைத்த ஒரு மரக்கட்டை.

அவர் வாசலில் மொபெட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, பீரோவுக்குக் கட்டை வெச்சது யாரு?" என்றேன்.

"ஆடுச்சு," என்றார்.

இதற்கு முன் அங்கே என்ன இருந்தது, அது எங்கே போயிற்று என்று கேட்கவே இல்லை. டைரியை இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் வைக்கிறேன். அந்த இடமும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

அக்டோபர் 9, புதன்

ஹெக்டேவுக்குக் காட்டப் போகிற வண்டு தயார். சிவப்பு மேனி, கறுப்புப் புள்ளி, பொத்தானெல்லாம் பளபளவென்று. அத்தர் யோசனையைக் கைவிட்டுவிட்டார்கள். நல்ல வேளை. நான்தான் கடைசியாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. தவளை மட்டும் மாறவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கால் வலிக்கிறது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

காலையில் எங்கள் கம்பெனி பூஜை. வாசலில் வாழைக்கன்று, எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம், பொரி, கடலை, சுண்டல். சரஸ்வதி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்து, நாளைக்குப் போகிற வண்டை நடுவில் வைத்திருந்தார்கள்.

"மயிலக்கா, இதுக்கு நீங்க வைங்க," என்றார் சார். "தினம் தொடற கை உங்க கைதான்."

எனக்கு ரொம்பப் பெருமையாகிவிட்டது. கட்டைச் சந்தனம், கெட்டியாக இழைத்தது. திரைக்கு மேலே ஒரு பொட்டு வைத்தேன். அப்புறம் பொத்தான்களைப் பார்த்தேன். ஒன்றுக்கு வைத்து இன்னொன்றை விட்டால் நன்றாகவா இருக்கும்? நாள் முழுக்க அமுக்கு வாங்குவது அவைகள்தானே. அதனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் கட்டை விரலால் அழுத்தி ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

மத்தியானம் அவர்கள் கம்பெனி பூஜை. காலையிலேயே எங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். "குடும்பத்தோட வரச் சொன்னாங்க." சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "வர்றியா?"

பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு சாலையைத் தாண்டினேன். தினமும் பார்க்கிற சாலைதான். தாண்டியதில்லை.

நிவேதா மேடம் வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்கக்கா, எப்படி இருக்கீங்க! கையைப் பிடிச்சுப் பேசி எத்தனை நாளாச்சு!" உள்ளே அதே சரஸ்வதி, அதே சிவப்புத் துணி, நடுவில் நீலத் தும்பி. திரை பெரியதா என்று நான் பார்க்கவில்லை. பெரியதுதான்.

"அக்கா, நீங்க பெரியவங்க. நீங்களே பொட்டு வெச்சுடுங்க," என்று தட்டை என் கையில் கொடுத்தார்.

எங்கள் வண்டுக்கு ஒரு மாதிரி, எதிரிக்கு ஒரு மாதிரி என்று ஓரவஞ்சனை செய்யலாமா? அதே மாதிரி ஒவ்வொரு பொத்தானுக்கும் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். வைத்து முடித்து நிமிர்ந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கூட்டம் பார்த்தால் என் வாய் சும்மா இருக்குமா?

"தும்பியோட இறக்கைய ஒட்டி வெச்சுட்டனுங் மேடம். நாளைக்கு எங்க வண்டுதான் பறக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். எங்கள் வீட்டுக்காரர் மீசைக்குள் சிரித்தார்.

திரும்பும்போது பொரிப் பொட்டலத்தை அவர் சட்டைப் பைக்குள் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது என்பதால் இன்றைக்கு இரண்டு கம்பெனியிலும் வேலையில்லை. சாயங்காலமே வீட்டுக்கு வந்தோம். மொபெட்டில் வழி முழுக்க நான் பேசினேன். ஒரு இடத்தில் அவர், "அப்பறம்?" என்று கேட்டார்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆரம்பத்தில் இருந்தே எழுதுகிறேன்.

காலையில் அவர் கம்பெனிக்குப் போனார். எனக்கு லீவு. முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் திரும்பி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படி இருக்குது?"

கிணற்றில் இருந்து வாளி இழுப்பது போல இழுத்து இழுத்துத்தான் விஷயம் மேலே வந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டலில் ஹெக்டே உட்கார்ந்திருக்கிறார். காலையில் தும்பியின் முறை. பூஜையில் வைத்த பெட்டியை அப்படியே எடுத்து, மேலே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சாமிக்கு வைத்ததை யாரும் முன்னாடியே ஆட்டிப் பார்க்கவில்லை. ஹெக்டே கையில் வாங்கி இடது பொத்தானை அமுக்கினார். அமுங்கியது. திரும்ப எழவில்லை. தும்பி இடது பக்கமாகவே பறந்து பறந்து சுவரில் முட்டிச் செத்தது. அடுத்த உயிர், அதே சுவர். சந்தனம் பொத்தான் இடுக்கில் இறங்கி, ராத்திரியில் காய்ந்து, கல்லாகியிருந்தது.

"மேடம் போன்ல ஒண்ணும் சொல்லல. கம்பெனில இருக்கறவங்கதான்... 'இறக்கைய ஒட்டிட்டேன்னு அந்தம்மா அவங்க வாயாலயே சொன்னாங்க'ன்னு. வண்டுக் கம்பெனிக்காரியைக் கூட்டிட்டு வந்து நான்தான் வேணும்னே பண்ண வெச்சனாம். திங்கக்கிழமை வர வேண்டாம்னுட்டாங்க."

எனக்கு முறுக்கு, எண்ணெய், அடுப்பு எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு விளையாட்டுப் பேச்சு. என் வாய்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. எங்கள் வண்டுக்கும் அதே கைதான், அதே மாதிரி அழுத்திய பொட்டுதான். எங்கள் முறை மத்தியானம்தான்.

இதை நான் சொல்லவில்லை. அவர் சொன்னார்.

"உங்க சாருக்குப் போன் பண்ணு, அம்மிணி. உங்குளுது மத்தியானம்தானே. பொத்தானைக் கழட்டித் தொடைக்கச் சொல்லு. எங்குளுது போச்சு. உங்குளுதாச்சும் நிக்கட்டும்."

நான் அவரைப் பார்த்தேன். வண்டு மட்டும் நன்றாக ஓடினால் அப்புறம் யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே செய்ததுதான் என்று முத்திரை குத்திவிடுவார்கள். இந்தத் தொழிற்பேட்டையில் இவருக்கு ஒருத்தரும் வேலை கொடுக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிறார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ஏப்ரலில் இருந்து வராத கோபம்.

"மறுபடியுமா?" என்றேன். "மறுபடியும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இடது பக்கம் திரும்பி நடந்து போயிடலாம்னு பாக்கறீங்களா? எனக்குப் பேச ஆளுக வேணும்னு யாருங்க உங்களைக் கேட்டது? ஆளுகளாம்! நான் யாருகிட்டப் பேசறதுக்கு இத்தனை வருஷமா வாயைத் தொறக்கறேன்னு நெனச்சீங்க? ஃபிலோமினாகிட்டயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காது நுனி சிவந்துவிட்டது.

"தெரியுமா உனக்கு?" என்றார்.

"வண்டியை எடுங்க," என்றேன்.

ஓட்டல் வாசலில் எங்களை உள்ளே விட யோசித்தார்கள். என் சேலையெல்லாம் மாவு. நான் யோசிக்கவில்லை. மேலே பெரிய அறை. வெளியே சோபாவில் நிவேதா மேடம் அழுது முடித்த முகத்தோடு, முடிவு கேட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். உள்ளே கௌசிக் சார் புதுச் சட்டையில், கையில் வண்டு. எதிரில் வழுக்கைத் தலையோடு ஒருவர். அவர்தான் ஹெக்டே.

மேடத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே போனேன்.

"சார், ஒரு நிமிஷமுங். நீங்க அதை இன்னும் ஆடிப் பாக்கலியே?"

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மயிலக்கா, இங்க என்ன..."

"இடது பொத்தானை அமுக்குங்க சார்."

"அக்கா, அப்பறம் பேசலாம்..."

"அமுக்குங்களேன்!"

நான் எங்கள் தெருவில் தண்ணீர் லாரியை நிறுத்துகிற குரல் அது. சார் அமுக்கிவிட்டார். பொத்தான் உள்ளே போனது, அங்கேயே தங்கியது. எங்கள் வண்டு முதல் குளத்துக்கு முன்னால் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வந்து, மயக்கம் போட்ட மாதிரி தண்ணீரில் விழுந்தது. தவளைக்குக் கூட வேலை வைக்கவில்லை.

"பாத்தீங்களா மேடம்?" என்றேன். "ரெண்டுக்கும் நான்தானுங் வெச்சேன், ஒரே மாதிரி. ஒட்டணும்னா என்ற கம்பெனிப் பெட்டியை எதுக்குங் ஒட்டறேன்? என்ற வாய் கொழுப்பு, அது உண்மை. இவரு மேல ஒரு தப்பும் இல்லீங். இவருக்கு வேணும்னே ஒண்ணு பண்ணவும் தெரியாது, பண்ணதைச் சொல்லவும் தெரியாது."

ஹெக்டே கையை நீட்டி வண்டை வாங்கினார். மேசையில் இருந்த தும்பியையும் எடுத்தார். ஒன்றை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தார். அப்புறம் மற்றதை முகர்ந்தார்.

"ரெண்டுலயும் ஒரே வாசனை," என்றார் அவர் பெங்களூர்த் தமிழில். "கோயம்புத்தூர்ல புதுசா வாசனை வர்ற கேம் வருது, வருதுன்னாங்க. இதுதானா அது?"

சாரும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவர் கையிலும் போன் இருந்தது. யாரும் காதில் வைக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றார் ஹெக்டே. "நீங்க ரெண்டு பேரும் போட்டியா, கூட்டா?"

மேடம்தான் முதலில் சிரித்தார். அழுது வீங்கிய கண்ணோடு அந்தச் சிரிப்பு பார்க்க நன்றாக இருந்தது. அப்புறம் சார். அப்புறம் ஹெக்டே தொப்பை குலுங்கச் சிரித்தார். "என் கார் ஸ்டியரிங்லயும் நேத்து சந்தனம்தான்மா. கை ஒட்டுது. போங்க, சுத்தம் பண்ணுங்க. அடுத்த சனிக்கிழமை மறுபடி பாக்கறேன். பொட்டு இல்லாம கொண்டு வாங்க."

படி இறங்கும்போது மேடம் எங்கள் வீட்டுக்காரரிடம், "அண்ணா, திங்கக்கிழமை வந்துடுங்க. மன்னிச்சுக்கோங்க," என்றார். அவர் "ம்" என்றார்.

சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒரு போன் பண்ணியிருந்தா நான் துடைச்சிருப்பேனேக்கா. இன்னைக்கே நமக்குக் கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்குமுங் சார்."

"அப்பறம் ஏன்?"

"குடும்பத்துக்கு ஒருத்தருன்னு நீங்க சொன்னப்ப அவரு எனக்காகப் போனாருங். இப்ப என்ற முறைங் சார்."

சார் சவரம் செய்திருந்தார், அதனால் முகம் என்ன ஆயிற்று என்று நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முறுக்கு மாவு மேல் எறும்பு.

அக்டோபர் 14, திங்கள்

வேலை போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். என் இடத்தில் ஒரு பழைய டூத் பிரஷ் இருந்தது. "பொத்தானெல்லாம் நீங்களே தேய்ங்க" என்றார் சார். அடுத்த வருஷம் முதல் சந்தனத் தட்டு என் பக்கம் வராதாம். எழுதி ஒட்டாத குறைதான். நாள் முழுக்கத் தேய்த்தேன். வாசம் போகவில்லை.

சாயங்காலம் கேட்டால் அவருக்கும் அங்கே ஒரு டூத் பிரஷ்.

அக்டோபர் 19, சனி

தும்பி ஜெயித்துவிட்டது. ஹெக்டேவின் எல்லாக் கடைக்கும் தும்பிதான். எங்கள் வண்டைக் கோயம்புத்தூர், சேலம் கடைகளில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன், பொங்கல் வரை ஓடினால் மேலே பேசலாம் என்றாராம். ஃபிலோமினா மூக்கைச் சிந்தினாள். சார் எங்களுக்குத் தைரியம் சொன்னார். அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதால் நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"திரை பெருசு பண்ணணுங் சார்," என்றேன். "இது நான் கண்ணால பாத்தது. வாசம் மாதிரி இல்லீங்."

"வாசம்... அப்ப அது நெஜமாவே தமாஷா?" என்றார்.

டீயைக் குடிக்காமல் வெகு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 21, திங்கள்

மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு கேண்டீனைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சாலையையும் தாண்டினேன். அவர் டிரேயின் மேல் உட்கார்ந்திருந்தார். இன்னொரு டிரே பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்தது. துடைத்தும் இருந்தது. எத்தனை நாளாக அப்படிப் போட்டிருக்கிறாரோ, ஜன்னலில் இருந்து பார்த்தால் அது தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

"ஜெயிச்சவங்க வீட்டு விருந்தாளி வந்திருக்கேன்," என்றேன். "கவனிங்க."

டப்பாவை நகர்த்தி இடம் விட்டார். நான் தும்பிக் கம்பெனியைத் திட்டினேன், வண்டுக்கு வரப் போகிற பெரிய திரையைப் பற்றிப் பீற்றினேன், அந்தத் தவளையைப் பற்றிப் புலம்பினேன். மூன்றாவது குளத்திலேயே என் ஆயுசு போகிறது என்றேன்.

அவர் ஒரு வாய் சாதத்தை நிதானமாக மென்று முழுங்கினார்.

"அது நாக்கை நீட்டறப்ப நீ குறுக்க போகக் கூடாது, அம்மிணி. சும்மா நில்லு. நீட்டி முடிச்சு, அதுவா மடக்கும். அப்பப் போ."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான் அப்படித்தானே இத்தனை வருஷமா குடும்பம் நடத்தறேன்," என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். ஷெட்டுக்குள் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. இதை நான் சும்மா விடப் போவதில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மூன்றாவது குளத்தைத் தாண்டிவிட்டேன். அவரிடம் சொல்ல மாட்டேன்.

பீரோவுக்கு மரக்கட்டை வந்துவிட்டது, அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்பதும் அவருக்குத் தெரியும், அதனால் இன்றைக்கு டைரியைக் கம்பெனிக்கே எடுத்து வந்துவிட்டேன். இன்னும் நிறையப் பக்கம் காலியாக இருக்கிறது. எழுதலாம்தான். ஆனால் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.